பதினேழாம் பாத்தி

கோத்தகிரியில் நவம்பர்.
கரண்ட் வருகிறது, போகிறது.
தகரக்கூரை மேல் மழை
எதையும் மெல்லச் சொல்வதில்லை.

தேயிலையில் இருபத்து நான்கு பாத்தி.
பன்னிரண்டுக்குக் கொப்புள நோய்க்கான புது மருந்து,
பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர்.
எதற்கு எது என்று
என் டிபன் பாக்ஸில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம்,
மூடியில் எலுமிச்சை ஊறுகாய் வாசம்.

போஜன் பாத்திக்கு நூறு இலை எண்ணுவார்.
பையின் மேல் எண் மட்டும்.
எது மருந்து எது தண்ணீர் என்று அவருக்குத் தெரியாது,
தெரியவும் கூடாது.
விரலுக்கும் ஆசை உண்டு.

மழைக்கு முன், மே மாதத்திலேயே
கையெழுத்துப் போட்ட தாள் என் மேசையில்:
நூற்றுக்கு ஐந்து.
பாடப்புத்தகத்தில் அதற்கு மிகைகாண் நிலை என்று பெயர்.
நிலை என்றால் எனக்குக் கதவு நிலைதான்.
தாழ்வாக வைத்தது, குனிந்தால்தான் நுழையலாம்.
ஆள் வந்து நின்ற பிறகு
ஆசாரி உளியைத் தொடக் கூடாது.

முதலில் மருந்தை நம்பாமல் தொடங்க வேண்டும்.
இன்மைக் கருதுகோள்:
எல்லாப் பாத்தியிலும் அதே மஞ்சு, அதே பூஞ்சை,
சீட்டில் எழுதியது வெறும் எழுத்து.
அப்படியானால் சீட்டுகளை மறுபடி குலுக்கலாம்,
எப்படி விழுந்தாலும் ஒன்றுதான்.

கணினி பத்தாயிரம் தடவை குலுக்கியது.
பத்தாயிரம் கோத்தகிரிகள்,
ஒன்றில்கூட மருந்துக்கு வேலை இல்லை.
அவற்றில் ஐந்நூற்று முப்பதில்
நாங்கள் கண்ட அதே வித்தியாசம்,
அல்லது அதைவிடப் பெரியது,
சும்மாவே வந்து நின்றது.

0.053.
நிலையில் தலை இடித்தது.

கம்பெனியிலிருந்து ஜெகவீரன் போன்:
"பதினேழாம் பாத்திய விட்டுடுங்க மேடம்.
ஓடையோரம். அங்க எப்பவும் மஞ்சு.
அதெல்லாம் கணக்கா?"
பொய் சொல்லவில்லை அவர்.
பதினேழு மருந்துப் பாத்தி, இலையெல்லாம் கொப்புளம்.

விட்டுப் பார்த்தேன்.
ஆமாம், விட்டுப் பார்த்தேன்.
0.031.
எவ்வளவு மரியாதையாகக் குனிகிறது ஒரு எண்.

அப்புறம் ஒன்பதாம் பாத்தி நினைவுக்கு வந்தது.
தண்ணீர்ப் பாத்தி.
ஆகஸ்டில் ஓர் இரவு காட்டெருமை இரண்டு புகுந்து
பாதிச் செடியை முறித்துப் போட்டன.
முறிந்த இடத்தில் துளிர்த்ததெல்லாம் நோய்.
மருந்துக்கு அது சாதகம்.
அதை விடச் சொல்லி
யாரும் போன் செய்யவில்லை.

"அப்ப மருந்து கேக்குதா, இல்லையா?"
போஜன் கதவருகே நின்றபடி.
"தெரியல."
"ஏழு தடவ எண்ணியிருக்கேன்.
பதினாறாயிரத்து எண்ணூறு எல.
அதுக்குத் தெரியலையா?"

மருந்து பொய் என்றும் சொல்லவில்லை,
மெய் என்றும் சொல்லவில்லை,
பொய்யாக இருக்க நூற்றுக்கு ஐந்து என்று
சொல்லவே இல்லை.
வெறும் மஞ்சு மட்டும் இருந்திருந்தால்
இப்படி ஒரு கணக்கு எத்தனை அபூர்வம்
என்று மட்டும் கேட்டேன்.
அவ்வளவு அபூர்வமில்லை என்றது.
இதை அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள்
குடையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் கட்டி
இந்தச் சரிவில் ஏறப்போவது எஸ்தர்.
அந்த எடையை
எந்தத் தசமப் புள்ளிக்கும்
கீழே இறக்கி வைக்க முடியாது.

0.053 என்றே எழுதினேன்.
காட்டெருமையையும் எழுதினேன், ஓடையையும்.
பதினேழை விட்டுப் பார்த்ததையும்.
அடுத்த பருவத்துக்கு நாற்பத்தெட்டு பாத்தி கேட்டிருக்கிறேன்.
நிலையின் உயரம் அதேதான்.

அனுப்புமுன் கரண்ட் போய்விட்டது.
ஜன்னலில்
பதினேழின் மேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருக்கிறது.
இங்கிருந்து பார்த்தால்
இருபத்து நான்கின் மேலும்.